காட்டுக் காளானும் கறிச்சட்டியும்



இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்து, மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தால் போதும். பால்மரங்களுக்கு இடையே, செம்பனை நிரைகளின் ஓரத்தில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில், பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில், உளுத்துப் போன கட்டையில், கறையான் புற்றில் என்று பார்க்கும் இடமெல்லாம் காளான்கள் குடை விரித்து நிற்கும். விதைக்காமல் விளைந்த பொருள். காசு கொடுக்காமல் கிடைக்கும் கறி. காலை வேலை முடிந்து திரும்பும்போது தலைத்துண்டில் ஒரு முடிச்சுக் காளானைக் கட்டிக் கொண்டு வந்து, வெங்காயமும் மிளகாயும் தட்டிப் போட்டுப் பிரட்டினால், அன்றைக்கு ஒரு கறிச் செலவு மிச்சம். அதன் ருசியை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், அந்த முடிச்சுக்குள் ஒன்றே ஒன்று மாறிப் போயிருந்தால் என்ன ஆகும்? இன்றைய உரை அதைப் பற்றியதுதான். காளானே உண்ணாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே நிறத்தில் வந்து நம் முன்னே நிற்கும்போது, ஒரே ஓர் அடையாளத்தைப் பார்த்து முடிவு செய்தல் ஆகாது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக, குடையின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக மாறும் காளான்களை எடுத்துக் கொள்வோம்.

முதலில் காளான் என்பது என்ன என்று பார்ப்போம். அது செடியும் அன்று, கொடியும் அன்று. அதற்குப் பச்சையமும் இல்லை. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக் கொள்ளவும் அதற்குத் தெரியாது. மண்ணுக்குள்ளும் மக்கிய மரத்துக்குள்ளும் வெள்ளை நூல் போலப் படர்ந்து கிடக்கும் பூஞ்சைதான் அதன் உண்மையான உடல். நாம் வெளியே காணும் குடை, அந்த உடல் ஈன்ற கனியைப் போன்றது. மாமரம் மண்ணுக்குள் மறைந்திருந்து, மாம்பழம் மட்டும் மேலே எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் காளானும்.

கனி இருந்தால் வித்து இருக்க வேண்டும் அல்லவா? குடையைத் திருப்பிப் பாருங்கள். மீனின் செவுளைப் போல மெல்லிய தகடுகள் வரிசை வரிசையாக இருக்கும். அவற்றைச் செவுள்கள் என்றே சொல்வோம். அந்தச் செவுள்களில்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துகள் உண்டாகின்றன. தனி வித்தை நாம் காண முடியாது. ஆனால் கோடிக்கணக்கில் உதிர்ந்து ஓரிடத்தில் சேரும்போது அது பொடியாகத் தெரியும். அந்தப் பொடிக்கு நிறம் உண்டு. சில இனங்களுக்கு வெள்ளை, சிலவற்றுக்குப் பழுப்பு, சிலவற்றுக்குக் கறுப்பு, ஒன்றிரண்டுக்குப் பச்சையும் உண்டு. இளஞ்சிவப்பு வித்துடையவை தனிக் கூட்டம்.

இந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய குடும்பங்களுள் ஒன்று எண்டோலோமா என்னும் பேரினம். இப்பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. உட்பக்கம் என்றும், விளிம்பு என்றும் பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. இளங்காளானின் குடை விளிம்பு உட்பக்கமாகச் சுருண்டிருப்பதால் அப்பெயர் வந்தது. 1871-ஆம் ஆண்டில் பால் கும்மர் என்ற ஜெர்மானியர் இதனைத் தனிப் பேரினமாக வகுத்தார். உலகில் இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இவற்றின் வித்து மற்றக் காளான் வித்துகளைப் போல உருண்டையாகவோ முட்டை வடிவமாகவோ இராது. பட்டை தீட்டிய கல்லைப் போலப் பல மூலைகளுடன் இருக்கும். ஆய்வாளர்கள் இதனை ஐயமறக் கண்டுகொள்வது அந்த மூலைகளைக் கொண்டுதான். ஆனால் அடுப்படியில் நமக்கு நுண்ணோக்கி ஏது?

நம் நாட்டுக் காளான்களை யாரும் ஆராயவில்லை என்று எண்ண வேண்டாம். 1929-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பணியாற்ற வந்த இ. ஜே. எச். கார்னர் என்ற ஆங்கிலேய அறிஞர், மலாயாக் காடுகளில் அலைந்து ஏராளமான காளான்களைத் தேடித் திரட்டினார். உயரமான மரங்களிலிருந்து பூவையும் காயையும் பறித்துத் தரக் குரங்குகளைப் பழக்கியவரும் அவரே. பின்னர் 1980-இல் எகன் ஹோராக் என்ற காளானியல் அறிஞர், இந்திய மலாயாப் பகுதியிலும் ஆஸ்திரேலியாவைச் சார்ந்த பகுதிகளிலும் வளரும் எண்டோலோமா வகைகளைப் பற்றி விரிவான ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். ஆகவே இது எங்கோ பனி பெய்யும் தேசத்துச் சங்கதி அன்று; நம் மண்ணிலும் காலூன்றிய கூட்டம் இது.

இந்தக் கூட்டத்தில் அழகுக்கும் குறைவில்லை. நியூசிலாந்து நாட்டில் வானத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் நீலமாக ஒரு எண்டோலோமா வளர்கிறது. அந்நாட்டின் 50 டாலர் நோட்டில் ஒரு பறவையோடு அந்த நீலக் காளானின் படத்தையும் அச்சிட்டிருக்கிறார்கள். நீலக் குடையானாலும் அதன் வித்து என்னவோ இளஞ்சிவப்புத்தான். நோட்டில் இடம்பெற்ற பெருமைக்காக யாரும் அதைக் கறி சமைத்துப் பார்ப்பதில்லை; பார்க்கவும் கூடாது.

இனி, நஞ்சின் கதைக்கு வருவோம். ஐரோப்பாவில் எண்டோலோமா சினுவாட்டம் என்ற வகை வளர்கிறது. பெரிய, தடித்த, கண்ணுக்கு இனிய காளான்; தந்த நிறக் குடை; புதிதாக அரைத்த மாவின் வாசனை. இதைவிட நல்ல காளான் வேறென்ன இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் பிரான்சில் கோத் தோர் என்ற மாவட்டத்து மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? பெரிய நஞ்சூட்டி! 1983-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் மட்டும் 70 பேர் இதனை உண்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அதே ஊர்ப்பக்கங்களில், அதே மாவு வாசனையுடன், அதே இளஞ்சிவப்பு வித்துடன் உண்ணத்தக்க வேறொரு காளானும் வளர்கிறது. வாசனையும் ஒன்று, வித்தின் நிறமும் ஒன்று. ஒன்று விருந்து, மற்றொன்று நஞ்சு. நல்ல மணம் வீசினால் நல்ல காளான் என்று சொல்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் நாட்டுக் கதை இன்னும் கூர்மையானது. அங்கே எண்டோலோமா பேரினத்திலேயே உண்ணத்தக்க வகை ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலத்தில் மலையோரக் கிராமங்களில் அதைப் பறித்து விற்பார்கள். அதே காட்டில், அதே காலத்தில், அதன் உடன்பிறப்பைப் போல நச்சு வகையொன்றும் முளைக்கிறது. வாழ்நாளெல்லாம் காளான் பறித்துக் கைதேர்ந்த பெரியவர்களே இதில் ஏமாந்து போவதால், தேர்ந்தவரை அழவைப்பது என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அந்நாட்டில் மக்களை அதிகமாக நோயில் தள்ளும் காளான்களின் வரிசையில் அது முன்னணியில் நிற்கிறது. விற்பனைக்கு வைத்த காளானில் தவறிக் கலந்துவிட்டு, வாங்கி உண்டவர்கள் துன்பப்பட்ட நிகழ்ச்சிகளும் நடந்திருக்கின்றன. கைதேர்ந்தவர்களின் கதி இதுவென்றால், அவசரமாகப் பறித்து முடிந்துகொண்டு வரும் நாம் எம்மாத்திரம்?

அப்படியானால் அடியில் இளஞ்சிவப்பாக இருக்கும் காளானெல்லாம் நஞ்சா? அதுவும் இல்லை. இங்கேதான் தோட்டத்து மக்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நாம் விரும்பி உண்ணும் இரண்டு காளான்களும் இதே இளஞ்சிவப்பு வித்து உடையவைதாம்.

முதலாவது, புற்றுக்காளான். மலாய்க்காரர்கள் இதை செண்டாவான் பூசுட் என்பார்கள், பொருள் அதேதான். கறையான் மரத்தையும் சருகையும் அரித்துக் கொண்டுபோய்ப் புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற ஓர் அமைப்பைக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. நாம் தோட்டம் போடுவது போலக் கறையானும் மண்ணுக்குள் தோட்டம் போடுகிறது. மழைக்குப் பின் அந்தத் தோட்டத்திலிருந்து காளான் மண்ணைத் துளைத்துக் கொண்டு மேலே வருகிறது. ஆகவே அதன் தண்டு தரையோடு நின்றுவிடாது. வால் போல நீண்டு புற்றின் ஆழம் வரை இறங்கும். குடையின் நடுவில் கூரிய முனை ஒன்று இருக்கும். அந்த முனையால்தான் அது மண்ணைக் குத்தித் திறக்கிறது.

இரண்டாவது, வைக்கோல் காளான். சீனர் கடைகளில் டின்னில் அடைத்தும் விற்பார்கள். செம்பனை ஆலையில் குலையை நீராவியில் அவித்துப் பழத்தை உதிர்த்த பின், வெறும் குலைச் சக்கையை எருவாகத் தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் அல்லவா? அந்தச் சக்கைக் குவியலில் இது தானாக முளைக்கும். முதலில் சிறு முட்டையைப் போலத் தோன்றும். பிறகு அந்த முட்டைத் தோல் கிழிந்து, குடை மேலே வரும். கிழிந்த தோல் தண்டின் அடியில் ஒரு பையைப் போலத் தங்கிவிடும்.

இப்போது இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றின் செவுளும் இளமையில் வெள்ளை. முதிர முதிர இளஞ்சிவப்பு. புற்றுக்காளானுக்கு நீண்ட வால் உண்டு. வைக்கோல் காளானுக்கு அடியில் பை உண்டு. எண்டோலோமாவுக்கு வாலும் இல்லை, பையும் இல்லை, தண்டில் வளையமும் இல்லை. இன்னொரு வேறுபாடு செவுளில் இருக்கிறது. முதல் இரண்டிலும் செவுள்கள் தண்டைத் தொடாமல் சற்று விலகி நிற்கும். எண்டோலோமாவில் பெரும்பாலும் தண்டோடு ஒட்டியிருக்கும்.

பறிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தரையோடு தரையாகக் கிள்ளி எடுத்துவிடுகிறோம். வாலும் பையும் மண்ணுக்குள்ளேயே நின்றுபோகின்றன. வீட்டுக்கு வருவது குடையும் அரைத் தண்டும்தான். ஆளை அறிய வேண்டிய அடையாளத்தை அங்கேயே விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவான இளஞ்சிவப்பை மட்டும் கொண்டுவந்து, இது நல்லதுதான் என்று தீர்ப்புச் சொன்னால் அது எப்படிச் சரியாகும்? தாய்லாந்தில் புற்றுக்காளான் என்று நம்பி எண்டோலோமாவைப் பறித்துவிடக் கூடாது என்று அந்நாட்டு நலத்துறையினர் மக்களை எச்சரித்து வருகிறார்கள். நமக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் நடப்பது நம் பக்கத்திலும் நடக்கலாம் அல்லவா?

அப்படியானால் வால் இருந்தால் உண்ணலாம், பை இருந்தால் உண்ணலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம். புற்றுக்காளானிலேயே பூவைத் தூவினாற்போல் கூட்டமாக முளைக்கும் குறுவகை ஒன்று உண்டு. அதற்கு நீண்ட வால் இராது. பையின் கதையோ இன்னும் ஆபத்தானது. உலகிலேயே அதிகமான உயிர்களைக் குடித்த காளான்கள் அமனிட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் அடியில் பை உண்டு; அவையும் முட்டை வடிவில்தான் முளைக்கின்றன. முதிர்ந்த பிறகு அவற்றின் செவுளும் வித்தும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் முட்டைப் பருவத்தில் வித்து ஏது, நிறம் ஏது? வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பதைப் பால்மரத்தோடு வாழ்ந்த நம்மைவிட நன்றாக யார் அறிவார்?

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பராவில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். 2011-ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு, புத்தாண்டு விருந்துக்கு அங்கே முளைத்திருந்த காளானைச் சமைத்து உண்டார்கள். 2012-ஆம் ஆண்டு பிறந்த சில நாட்களில் உணவகப் பணியாளர்கள் இருவர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அவர்கள் உண்டது சாவுத் தொப்பி எனப்படும் அமனிட்டா. வைக்கோல் காளானை உண்டு பழகிய ஆசிய நாட்டவர்கள் அந்நிய மண்ணில் அந்தக் காளானிடம் ஏமாறும் ஆபத்து மிகுதி என்று அங்குள்ள மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள்.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. காளானைப் பற்றிய நம் பாட்டிமாரின் அறிவு பொய்யான அறிவு அன்று. ஆனால் அது ஓர் இடத்தைச் சார்ந்த அறிவு. இன்ன தோட்டத்தில், இன்ன புற்றில், இன்ன மழைக்குப் பின் முளைப்பது இன்ன காளான் என்று பல்லாண்டு பார்த்துப் பழகிய அறிவு. அந்தப் புற்றை விட்டு நாம் பெயர்ந்து வந்துவிட்டால், அந்த அறிவு நம்மோடு முழுதாக வந்துவிடுவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்திருக்கும் இக்காலத்தில், எங்கள் வீட்டில் எப்போதும் பறித்துத் தின்போமே என்ற சொல்லை மட்டும் நம்பிப் புது மண்ணில் கை வைக்கலாகாது.

புது மண்ணில் முதலில் கண்ணில் படுவதும் பெரும்பாலும் ஒரு நஞ்சுதான். வெட்டிப் பராமரிக்கும் புல்தரையிலும் பள்ளித் திடலிலும் தட்டு அளவுக்குப் பெரிதாக, வெள்ளைக் குடையின் மேல் பழுப்புச் செதில்களுடன் வட்டமாக முளைத்து நிற்கும் ஒரு காளானைப் பார்த்திருப்பீர்கள். தண்டில் வளையம் இருக்கும். இளமையில் செவுள் வெள்ளை. முதிர்ந்தால் மங்கிய பச்சை. வித்துப்பொடியும் பச்சைதான். வெப்ப நாடுகளில் அடிக்கடி மக்களை வாந்தியில் தள்ளுவது இதுவே. பச்சை தெரியும் வரை யாரும் காத்திருப்பதில்லை. இளசாக இருக்கும்போதே பறித்துவிடுவதால்தான் இந்தத் துன்பம்.

சரி, நஞ்சைக் கண்டுபிடிக்க நம் வீடுகளில் வழங்கிவரும் சோதனைகள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொதிக்கும் காளானில் வெள்ளிக் காசைப் போட்டால் கறுக்கும் என்பார்கள். பூண்டைப் போட்டால் நிறம் மாறும் என்பார்கள். அரிசியைப் போட்டால் சிவக்கும் என்பார்கள். நத்தையும் பூச்சியும் கடித்திருந்தால் நல்லது என்பார்கள். நன்றாக வேகவைத்து நீரை வடித்தால் நஞ்சு போய்விடும் என்பார்கள். நேயர்களே, இவற்றுள் ஒன்றையும் நம்பாதீர்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால்; காளான் நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நத்தையின் குடல் வேறு, நம் குடல் வேறு. நம்மைக் கொல்லும் காளானை நத்தை நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போகும். சாவுத் தொப்பியின் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. பூண்டுக்கும் அரிசிக்கும் நஞ்சை அறியும் சக்தி கிடையாது. இந்தச் சோதனைகள் தரும் கெடுதல் என்னவென்றால், ஐயத்தோடு இருந்தவரையும் அவை துணிச்சலாக உண்ண வைத்துவிடுகின்றன.

வித்தின் நிறத்தைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். இது அறிவியல் பாடத்துக்கு, சமையலுக்கு அன்று. விரிந்த காளான் ஒன்றின் தண்டை நீக்கிவிட்டு, குடையைச் செவுள் கீழ்ப்புறமாக இருக்கும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மீது வையுங்கள். மேலே ஒரு மங்கைக் கவிழ்த்து மூடி, இரவு முழுதும் அசையாமல் விட்டுவிடுங்கள். காலையில் குடையை மெல்ல எடுத்தால், செவுள்களின் அச்சு பொடிக்கோலமாகத் தாளில் படிந்திருக்கும். வெள்ளைப் பொடியைக் கறுப்புத் தாள் காட்டும். இளஞ்சிவப்பை வெள்ளைத் தாள் காட்டும். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும். அந்த மங்கைத் திரும்பவும் உணவுக்கு எடுக்க வேண்டாம். காளானைத் தொட்டதனால் மட்டும் நஞ்சு ஏறாது. ஆனால் தொட்ட கை வாய்க்குப் போகக் கூடாது. பேராசிரியர்களும் ஒரு காளானை அறிய இந்தப் பொடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அவர்கள் பொடியோடு நிறுத்துவதில்லை. நாமோ பல வேளைகளில் பொடிவரை கூடப் போவதில்லை.

இனி, தவறி உண்டுவிட்டால் என்ன நேரும் என்று பார்ப்போம். எண்டோலோமாவின் நச்சு வகைகள் பெரும்பாலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தம் வேலையைக் காட்டிவிடும். குமட்டல், தலைவலி, கடுமையான வாந்தி, வயிற்று வலி, பேதி ஆகியவை வரும். சில வகை நஞ்சில் வியர்வை கொட்டும்; வாயில் நீர் ஊறும்; கண்ணில் நீர் வழியும்; நாடித்துடிப்புத் தளரும். வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். ஆனால் சிறு குழந்தைகளும் முதியவர்களும் வாந்தி பேதியால் உடம்பின் நீரெல்லாம் வற்றி, அதனாலேயே ஆபத்தான நிலைக்குப் போய்விடக்கூடும்.

அமனிட்டாவின் நஞ்சோ வேறு விதம். உண்டு ஆறு மணி நேரம், சில வேளை அரை நாளுக்கும் மேல், ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். அடுத்த நாள் சற்றுத் தெளிந்தாற்போலும் தோன்றும். சுகமாகிவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் அழிந்து கொண்டிருக்கும். ஆகவே காளான் உண்டவருக்கு நேரங்கழித்து வாந்தி வந்தால் அதை இன்னும் பெரிய ஆபத்தாகக் கொள்ள வேண்டும். தெளிந்துவிட்டார் என்று எண்ணி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

அப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மலேசியாவில் அவசர உதவிக்கு 999. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. இரண்டு, அந்தச் சட்டியில் உண்ட அனைவரையும் அழைத்துச் செல்லுங்கள். இன்னும் ஒன்றும் செய்யாதவரையும் விட்டுவிட வேண்டாம். மூன்று, மிச்சமிருக்கும் காளானை, சமைத்ததோ சமைக்காததோ, தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். குப்பையில் போட்ட தண்டையும் தேடி எடுங்கள். பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்க அந்தத் துண்டு உதவும். நான்கு, எப்போது உண்டார்கள், எப்போது வாந்தி தொடங்கிற்று என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து, உப்புக் கரைசலைக் குடிக்க வைத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், இளநீர், புளிக்கரைசல் ஆகியவை முறிவு மருந்து என்று சொல்லி நேரத்தைக் கடத்தாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லவும் தயங்கக் கூடாது. காட்டில் பொறுக்கித் தின்றோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மழுப்பிவிட்டால், அவர் கொடுக்கும் மருந்து நோய்க்குப் பொருந்தாமல் போகலாம். நஞ்சின் தன்மை தெரிந்தால்தான் அதற்கேற்ற மருந்தைத் தர முடியும். கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளின் பசியைத் தீர்க்க நினைத்தது குற்றமாகாது. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

தோட்டத்தில் வாழ்வோர்க்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நிரைகளில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். பெரகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை மலேசியா 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. ஆனாலும் வேறு மருந்துகள் பயன்பாட்டில் இருக்கின்றன. தெளித்த இடத்தில் முளைத்தது நல்ல இனக் காளானே ஆனாலும் அதை உண்ணத் தகாது. மருந்து பட்ட காளானின் முகத்தில் அது எழுதி ஒட்டியிருக்காது.

காளான் ஆசையை எப்படித் தீர்ப்பது என்று கேட்கிறீர்களா? அதற்கு வழி நம் பால்மரத்திலேயே இருக்கிறது. பால் வற்றி வெட்டிச் சாய்த்த ரப்பர் மரத்தின் அறுவைத் தூளோடு தவிடும் சிறிது சுண்ணாம்பும் கலந்து, பையில் அடைத்து, ஆவியில் அவித்து, அதில் வித்தூன்றிச் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள். மலேசியாவில் இது நல்ல சிறுதொழில். பால் கொடுத்த மரம், பால் வற்றிய பிறகும் நமக்கு ஒரு கறியைக் கொடுக்கிறது. வித்தூன்றிய பைகளை வாங்கி வந்து, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அடுக்கி, தண்ணீர் தெளித்து வந்தால், வீட்டிலேயே பறித்துக் கொள்ளலாம். இரவுச் சந்தையிலும் கிடைக்கிறது. அதன் பெயர் தெரியும், அது வந்த வழி தெரியும், அச்சமில்லாமல் உண்ணலாம்.

ஆகவே, அன்பர்களே, இன்று கேட்டதில் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். இளஞ்சிவப்பு நிறம் நல்லதற்கும் உண்டு, கெட்டதற்கும் உண்டு. வாசனை, வால், பை, பூச்சி கடித்த தடம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்து நின்று சாட்சி சொல்லத் தகுதியற்றவை. அடி முதல் நுனி வரை பார்த்து, அந்த இடத்திலேயே பல்லாண்டு பறித்துப் பழகியவர் ஐயமின்றி இன்ன காளான் என்று சொல்ல முடியாவிட்டால், அது சட்டிக்கு உரியதன்று. இந்த மண்ணுக்கு வந்து பழகாதவர் எவராயினும் அந்த ஐயத்தை வைத்துக்கொண்டு ஒரு துண்டும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் ஓடி வந்து, அம்மா, காளான் என்று கை நிறையக் காட்டினால், அதட்டாதீர்கள்; அதட்டினால் அடுத்த முறை உங்களிடம் காட்டாமல் வாயில் போட்டுப் பார்ப்பார்கள். தட்டிக் கொடுத்து, உட்கார வைத்து, குடையைத் திருப்பிச் செவுளைக் காட்டுங்கள். அதன் பின் கையைக் கழுவிவிடுங்கள். ஒரு வேளைக் கறி போனால் போகட்டும். வீட்டில் ஓர் உயிரும் குறையாமல் நாம் எல்லோரும் அடுத்த மழையையும் பார்ப்போம்.